மறைத்து வைத்த ஒரு கிலோ

‘ரெண்டு கிலோதானே மேடம், பார்த்துக்கலாம்.’

போன வாரம் உங்கள் கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என் காதில் விழுந்த வார்த்தை இது. சொன்னவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. திரையில் எடைக் கணக்கு சிவப்பில் நின்றுகொண்டிருந்தது, கூட்டம் நீண்டுகொண்டே போனது, எல்லோருக்கும் பசி. அவர் சொன்னதும் நாலு பேர் சிரித்தார்கள், அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே கொதித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போயும் சோறு இறங்கவில்லை.

ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, புதிதாக வந்தவர்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஊக்கமாக ஏதாவது சொல்லுங்கள் என்று வேறு கேட்டுக்கொண்டார்கள். மன்னிக்க வேண்டும், என்னிடம் ஊக்கம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. விண்நிலையத்துக்குப் போகிற சாமான்களை நீங்கள் இன்று செய்கிறீர்கள். இதே சாலையில் 1991இல் நாங்களும் அப்படி இரண்டு பெட்டிகள் செய்தோம். இரண்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களும் கோபப்பட்டால் நான் வந்ததற்கு அர்த்தம் இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வருகிற வழியில் தகரக் கூரை போட்ட கூடம் எங்களுடையது. மறைமலை நகர் ஆலைகளுக்கு வண்டிப் பாகங்கள் செய்து கொடுப்பதுதான் முக்கியமான தொழில். அலுமினியத்தில் மெல்லிசாகவும் துல்லியமாகவும் வேலை செய்வார்கள் என்று பெயர் இருந்ததால், ஓர் ஆராய்ச்சிக்கூடம் எங்களிடம் இரண்டு பெட்டிகளை ஒப்படைத்தது. அப்போது மனிதர்கள் வசித்துக்கொண்டிருந்த விண்நிலையம் சோவியத்துகளுடையது. அதற்கு ஆளில்லாத சரக்கு விண்கலம் ஒன்று அவ்வப்போது சாமான் ஏற்றிக்கொண்டு போகும். அதில் ஒரு மூலையில் எங்களுக்கும் இடம் தருவதாகப் பேச்சு.

ஒரு பெட்டி சிறிய மின் உலை. எடையில்லாத இடத்தில் உலோகத்தை உருக்கி, அது எப்படி உறைகிறது என்று பார்ப்பதற்கு. அதன் பொறுப்பு வரதராஜனிடம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பொது மேலாளருக்கு மிகவும் வேண்டியவர். மற்றது என் பெட்டி. மேலே இருப்பவர்கள் விடுகிற மூச்சில் ஈரம் இருக்கும் இல்லையா, அதைக் காற்றிலிருந்து பிடித்துக் குடிக்கிற தண்ணீராக்கும் கருவி. பெரிய ஏற்பாடு இல்லை, ஒரு சோதனை. சரியாக வேலை செய்தால் பின்னால் பெரிதாகச் செய்யலாம், அவ்வளவு தண்ணீரைக் கீழேயிருந்து சுமந்துகொண்டு போக வேண்டாம்.

இரண்டு பெட்டிக்கும் சேர்த்து அறுபது கிலோ. இதுதான் எல்லை. நாங்களாகவே ஆளுக்கு முப்பது என்று பிரித்துக்கொண்டோம்.

இன்னோர் எல்லையும் இருந்தது. சரக்குக் கலத்திலிருந்து நிலையத்துக்குள் போகிற வாய் வட்டமானது, ஓர் ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழையும் அளவு. அதற்குள் புகாத சாமான் கடைசிவரை கலத்திலேயே கிடந்து, குப்பையோடு குப்பையாக எரிந்துபோகும். அதனால் அந்த வாயின் அளவுக்கு ஒட்டுப்பலகையில் ஒரு வளையம் செய்து கூடத்தின் நடுவில் தொங்கவிட்டிருந்தோம். எந்தப் பாகம் மாறினாலும் பெட்டியை அதற்குள் நுழைத்துப் பார்த்துவிட வேண்டும்.

என் பெட்டி முதல் தடவையே நுழைந்தது. உலையின் பக்கவாட்டுக் கைப்பிடி இடித்தது. வரதராஜன் வளையத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தச்சரைக் கூப்பிட்டு, ‘உள்பக்கம் கொஞ்சம் இழைச்சுடுப்பா, ரெண்டு மில்லிமீட்டர் போதும்’ என்றார்.

நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தச்சர் இழைப்புளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

‘சார், இது மரம். மேல இருக்கறது உலோகம். அத யாரு போய் இழைக்கறது?’ என்றேன்.

‘ரெஜினா, அவங்க லிமிட்னு எதச் சொன்னாலும் கொஞ்சம் குறைச்சுதான் சொல்லுவாங்க. நிஜ லிமிட் அதுக்கு மேல இருக்கும். உலகம் பூரா அப்படித்தான். நீங்க சின்னப் பொண்ணு, போகப் போகத் தெரியும்.’

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இரண்டு குழந்தைகளுக்கு அம்மா. அந்தப் பேச்சைப் பொறுத்துக்கொண்டேன். வளையத்தை இழைக்க விடவில்லை. தச்சருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கைப்பிடியை மாற்றினார்கள், என்னைத் திட்டிக்கொண்டே.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலையில் இரண்டு வகை மனிதர்கள். எல்லையைப் பார்த்ததும் தன் பொருளைக் குறைக்கிறவர் ஒரு வகை. எல்லையையே குறைசொல்லி அதைத் தள்ளிவைக்கப் பார்க்கிறவர் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்குத்தான் அனுபவசாலி என்ற பெயர் கிடைக்கும். எனக்கு அதில்தான் முதல் எரிச்சல்.

என் பெட்டியைக் கட்டியவர் தணிகாசலம், எங்கள் ஃபிட்டர். வல்லம் பக்கத்து ஊர்க்காரர். கையில் அரம் இருந்தால் பேசமாட்டார், அரத்தைக் கீழே வைத்தால் வாயை மூடமாட்டார். ஒரு தாங்கியில் துளை போட்டு நாற்பது கிராம் குறைத்துவிட்டால் தீபாவளி மாதிரி கூடத்தைச் சுற்றி வருவார். எஃகுத் திருகுக்குப் பதில் இலேசான திருகு, தடித்த தகட்டுக்குப் பதில் விளிம்பு மடித்த மெல்லிய தகடு என்று அவரும் நானும் மாதக்கணக்கில் சண்டை போட்டுச் சண்டை போட்டுப் பெட்டியை இருபத்தெட்டு கிலோவுக்குக் கொண்டுவந்தோம். அதில் ஒரு கிலோ, உபரியாக வைத்த பம்பு. ஒன்று நின்றுபோனால் மற்றது ஓட வேண்டும் என்பதற்காக. மேலே போய் மாற்ற அங்கே கடை இல்லை.

உலை முப்பத்துநாலில் நின்றது. அங்கே யாரும் எதோடும் சண்டை போடவில்லை.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அறுபத்திரண்டு. பொது மேலாளர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

‘ரெஜினாம்மா, ரெண்டு கிலோ கூட இருக்கு. நீங்க எடுத்துடுங்க.’

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. ‘சார், என்னோடது முப்பதுக்கு ரெண்டு கம்மி. அவரோடது நாலு ஜாஸ்தி.’

‘அதாம்மா. உங்களுக்குக் குறைக்கத் தெரியுது. அவரால முடியல. தெரிஞ்சவங்ககிட்டதானே கேட்க முடியும்? நாமெல்லாம் ஒரே குடும்பம்.’

வரதராஜன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, வெற்றியும் இல்லை. இப்படித்தான் முடியும் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவர் எதையும் குறைக்கவில்லை. இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது அந்த அலட்சியம்தான். எல்லைக்குள் நிற்பவளிடம் இடம் மிச்சமிருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார்.

நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். பெண்பிள்ளை இப்படிப் பேசலாமா என்று பிறகு கேண்டீன்வரைக்கும் பேச்சுப் போனது. கடைசியில் என்ன ஆயிற்று? உபரிப் பம்பைக் கழற்றச் சொன்னார்கள். எழுத்தில் உத்தரவு போட்டார்கள், கழற்றினேன். தணிகாசலம் அந்தப் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இன்னா மேடம் இது, நம்ம வூட்டுல திருடிகினு போற மாதிரி கீது’ என்றார். மேலும் ஒரு கிலோவுக்கு அதிர்ச்சி தாங்கும் மெத்தைகளை எடுக்கச் சொன்னபோது முடியாது என்றேன். வேலையைவிட்டு அனுப்பினாலும் பரவாயில்லை என்றேன். அதோடு விட்டார்கள்.

ஆக, என் பெட்டி இருபத்தேழு, உலை முப்பத்துநாலு. மொத்தம் அறுபத்தொன்று. ஒரு கிலோ கூடுதல். அந்த ஒரு கிலோவை வரதராஜன் தான் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் நம்பினேன்.

உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி ஓடும். அவ்வளவு பெரிய ராக்கெட், ஒரு கிலோவால் விழுந்துவிடுமா? விழாது. நான் முட்டாள் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கலத்தில் நாங்கள் மட்டுமா ஏற்றுகிறோம்? சாப்பாடு, தண்ணீர், காற்று, எரிபொருள், மாற்றுப் பாகங்கள் என்று எத்தனையோ பேர் அனுப்புகிறவை அதில் ஏறுகின்றன. ஒவ்வொருவரும் ‘ஒரு கிலோதானே’ என்று மறைத்தால், கலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அதைக் கீழேயிருந்து இயக்குகிறவருக்கே தெரியாது. ஒளிக்காமல் கேட்டு வாங்கினாலும் அந்த ஒரு கிலோ எங்கிருந்து வரும்? மேலே இருப்பவர் குடிக்க வேண்டிய தண்ணீரிலிருந்து வரும். மிஞ்சிய எடை எங்கேயும் காணாமல் போவதில்லை. யாரோ ஒருவர் தலைக்குப் போகும். பெரும்பாலும் மறுத்துப் பேச முடியாதவர் தலைக்கு.

அக்டோபரில் சோவியத் பொறியாளர் பெட்டிகளைப் பார்த்து ஏற்றுக்கொள்ள வந்தார். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வழி நெடுகப் போலீஸ் நிறுத்தி விசாரித்த வருஷம் அது. வெளிநாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவது பெரும்பாடாக இருந்தது. அவர் நாட்டிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பேப்பரில் படித்துக்கொண்டிருந்தோம். பெரிய உருவம், சட்டையெல்லாம் வியர்வை. கூடவே மொழிபெயர்க்கச் சென்னைக்காரர் ஒருவர், ரஷ்ய மொழி படித்தவர்.

அவர்கள் வருகிற அன்று காலை, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்து பேருந்தைவிட்டு இறங்குகிறேன், வாசலில் தணிகாசலம் நிற்கிறார். வழக்கமாக என்னைப் பார்த்ததும் முந்தின நாள் கதையை ஆரம்பிப்பவர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினார்.

‘மேடம், நான் சொன்னேன்னு வெச்சுக்காதீங்க. அந்த உலைப்பொட்டி கீதே, அதோட உள்தகட்ட கழட்டி பேக்கிங் பொட்டி அடியில வெக்க சொன்னாரு வரதராஜன் சாரு. மேல பஞ்சு போட்டு மூட சொன்னாரு.’

உள்தகடு என்பது உலையின் சூடு வெளிச்சுவருக்கு வராமல் தடுக்கிற கவசம். எடை ஒரு கிலோ. அது இல்லாமல் உலையை ஓட்டினால், தொடுகிறவர் கை வெந்துபோகும்.

‘வெச்சீங்களா?’

‘வெச்சேன். பின்ன இன்னா பண்றது? அங்க போய் மாட்டிக்கலாம்னாரு. அவ்ளோ தூரம் போன பொட்டிய ஒரு கிலோவுக்கோசரம் திருப்பியா அனுப்பப் போறாங்கன்னாரு.’

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, அயர்ச்சி. அப்புறம்தான் யோசித்தேன். இதை நான் வெளியே சொன்னால், யார் சொன்னது என்று கேட்பார்கள். அடுத்த நிமிஷம் தணிகாசலம் தெருவில் நிற்பார். ஆகவே நேராகப் பேக்கிங் பிரிவுக்குப் போனேன். உலையின் மரப்பெட்டியைத் திறந்து, பஞ்சை நானே விலக்கி, துணியில் சுற்றியிருந்த தகட்டை என் கையால் தொட்டுப் பார்த்தேன். திரும்ப அப்படியே மூடினேன். இனிமேல் அது கேள்விப்பட்ட செய்தி இல்லை, நான் கண்ணால் பார்த்தது. இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு வாய் திறக்காதீர்கள். போய்ப் பாருங்கள். பார்த்தது நீங்கள் என்றால் அடியும் உங்களோடு நிற்கும்.

அப்படித்தான் நம்பினேன்.

பிறகு வரதராஜனைத் தனியாகப் பிடித்தேன். ‘சார், அந்தத் தகட்ட மாட்டிடுங்க. ஒரு கிலோ கூட இருக்குன்னு வெளிப்படையா சொல்லிக் கேப்போம். ஒத்துக்கிட்டா பாருங்க, இல்லன்னா எதையாவது குறைப்போம்.’

‘எந்தத் தகடு?’ என்றார்.

அவ்வளவுதான்.

தராசு ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தது. வந்தவர்கள், பொது மேலாளர், வரதராஜன், நான். வேறு யாரையும் விடவில்லை. உலையை வைத்தார்கள், முப்பத்துமூன்று. என் பெட்டி இருபத்தேழு. பொது மேலாளர் முகத்தில் ஒரு புன்னகை. வந்த பொறியாளர் இரண்டையும் தட்டிப் பார்த்தார், மூலைகளை விரலால் தடவிப் பார்த்தார், ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

‘ரெண்டும் சேர்ந்து அறுபது. முழுசா இருக்கு, இதுக்கு மேல இதுல எதுவும் சேர்க்க வேண்டியதில்ல. ரெண்டு பேரும் ஒப்புக்கிறீங்களான்னு கேக்கறாரு.’

‘ஒப்புக்கறேன்’ என்றார் வரதராஜன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எடை எல்லை இரண்டு பெட்டிக்கும் பொதுவானது. என் பெட்டியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. சும்மா இருக்கவும் வழியில்லை, அதுவும் ஒரு பதில்தான். என் பெட்டி சுத்தம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு ‘ஆமாம்’, அது மேலே போய்விடும். இரண்டு வருஷ உழைப்பு. பம்பைக் கழற்றியதும் தணிகாசலத்தின் முகமும் நினைவுக்கு வந்தன. அந்தக் கவசத்தை அங்கே ஒருவேளை மாட்டாமலே விட்டுவிட்டால், இருக்கிற பெட்டியை நம்பிக் கைவைக்கப்போகிற முகம் தெரியாத யாரோ ஒருவரும்.

‘இல்ல. உலை முழுசா இல்ல. அதோட உள்கவசம் பேக்கிங் பெட்டியோட அடியில இருக்கு. நான் பார்த்தேன்’ என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். பொது மேலாளர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. அந்த மனிதர் நல்லவர், சொல்லிவிட்டார்.

மரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்கள். தகடு இருந்தது.

வரதராஜன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. ‘அடடா, ஃபிட்டர் தப்பா வெச்சுட்டான் போலிருக்கு. கூப்பிடுங்க அவனை’ என்றார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்த எனக்கு இது தோன்றவில்லை. பார்த்தது நான் என்று சொன்னால் போதும், தணிகாசலம் பக்கம் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நேராக அவர் பக்கம்தான் போனார்கள்.

தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடி அறைக்குள் அவர் வந்தது அன்றுதான் முதல் தடவை.

‘இத நீயா வெச்ச?’ என்றார் பொது மேலாளர்.

‘ஆமா சார்.’

‘யாராவது சொன்னாங்களா?’

நான் குறுக்கே விழுந்தேன். ‘சார், அவரைக் கேக்காதீங்க. வரதராஜன் சாரைக் கேளுங்க. காலையில அவர்கிட்ட நானே இதப்பத்திப் பேசினேன்.’

‘நீங்க சும்மா இருங்கம்மா. தணிகாசலம், நீ சொல்லு. யாரு சொல்லி வெச்ச?’

தணிகாசலம் என்னைப் பார்க்கவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெளிவாகச் சொன்னார்.

‘யாரும் சொல்லல சார். நானாதான் வெச்சேன். தெரியாம வெச்சுட்டேன்.’

பொது மேலாளர் என் பக்கம் திரும்பினார். ‘பார்த்தீங்களா?’ என்று கேட்டார், குழந்தையிடம் கேட்கிற மாதிரி.

மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் அந்தப் பொறியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். தணிகாசலத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பேசினார்.

‘யாரு வெச்சாங்கன்னு அவருக்குத் தெரிய வேண்டாமாம்’ என்றார் மொழிபெயர்ப்பாளர். ‘மேல இருக்கறவங்க அவர நம்பித்தான் பெட்டிய திறக்கறாங்க. அவரு உங்கள நம்பணும். இந்தக் கூடத்துலேர்ந்து வர்ற எந்தப் பெட்டியையும் அவரால நம்ப முடியாதுன்னு சொல்றாரு. ரெண்டுமே வேண்டாமாம்.’

‘என் பெட்டி சரியா இருக்கு’ என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். பொறியாளர் என் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ‘தெரியும்ங்கறாரு’ என்றார் மொழிபெயர்ப்பாளர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. போய்விட்டார்கள்.

அன்று மாலையிலிருந்து கூடத்தில் என்னோடு யாரும் பேசவில்லை. உன் வாயால்தான் போச்சு என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. ‘உண்மை பேசறவ, உன் பொட்டியாவது போச்சா?’ என்று கேண்டீனில் ஒருவர் கேட்டார். என்னைக் கருவி வேலையிலிருந்து எடுத்து ஸ்கூட்டர் ஸ்டாண்டு செய்கிற பிரிவில் போட்டார்கள். தணிகாசலத்தைக் கவனக்குறைவு என்று சொல்லிச் சில வாரம் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட்டதைச் செய்தார், கேட்ட பொய்யைச் சொன்னார், அதற்கும் தண்டனை அவருக்குத்தான். வரதராஜன் அடுத்த வருஷம் துணைப் பொது மேலாளர் ஆனார்.

வருஷக் கடைசியில் அந்த நாடே கலைந்துபோயிற்று. அந்தச் செய்தி வந்த மறுநாள் வரதராஜன் நான் இருந்த பிரிவுக்கே வந்து, ரொம்பப் பெருந்தன்மையாக, ‘எப்படியும் போயிருக்காது ரெஜினா. இனிமேலாவது மனச போட்டுக் குழப்பிக்காதீங்க’ என்றார். அங்கே மேஜைமேல் இருந்த ஸ்டாண்டை எடுத்து அவர் காலில் போட வேண்டும் போலிருந்தது. எப்படியும் போயிருக்காது! அது போயிருக்குமா இல்லையா என்பதா பேச்சு? தான் செய்ததை ஒரு நாட்டின் கதையால் மூடிவிடலாம் என்று நினைத்தார் பாருங்கள், அதற்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும். ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன், அவர் போகிறவரைக்கும்.

தணிகாசலம் திரும்பி வந்தபோது நான் அவரைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றேதான். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் வரதராஜன்மேல் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். வரதராஜன் என்னை ஏமாற்றவில்லை, அவர் எப்போதும் போலவே இருந்தார். தணிகாசலம் என்னை எல்லோர் முன்னாலும் பொய்க்காரி ஆக்கினார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், பெட்டிகளைப் பிரித்து நல்ல பாகங்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. என் பெட்டியை யார் கட்டினார்களோ அவர்களே பிரிக்க வேண்டுமாம். மதியச் சாப்பாடு முடிந்து போனால், தணிகாசலம் பெட்டிக்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஸ்பேனர் இருந்தது, தொடவில்லை.

நான் எதிர்ப்பக்கம் போய் முதல் திருகைக் கழற்றினேன். அவரும் தன் பக்கத்தில் ஆரம்பித்தார்.

‘நீங்க என்கிட்ட கோவமா கீறீங்க’ என்றார்.

‘ஆமா.’

‘எனக்கும் உங்க மேல கோவம்தான்.’

‘நான் என்ன செஞ்சேன்? உங்க பேரச் சொல்லவே இல்லையே.’

‘சொல்லலதான். நீங்க சொன்னது நெசம்னு அந்த ரூம்ல அல்லாருக்கும் தெரியும் மேடம். என்ன வெச்சு அத பொய்யாக்க முடியும்னும் அவுங்களுக்குத் தெரியும். எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவளுக்கு அப்ப மாப்ள பார்த்துகினு இருந்தோம். நான் இன்னா சொல்லுவேன்னு அவுங்களுக்கு நல்லா தெரியும். உங்களுக்குத்தான் தெரில.’

நான் திருகை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. முகம் கறுத்துச் சிவந்திருந்தது. அந்த மனிதர் மூன்று மாதமாக என்னைப் போலவே எரிந்துகொண்டிருந்திருக்கிறார்.

‘மறுபடி இப்படி ஒண்ணு வந்தா?’ என்று கேட்டேன்.

‘மறுபடி வந்தா நான் அதேதான் சொல்லுவேன். ஆமா சார், நானாதான் வெச்சேன்னுதான் சொல்லுவேன். அதனால என்ன கூப்ட வேண்டிய எடமே இல்லாத மாதிரி பண்ணுங்க மேடம். உங்களால முடியும். என்னால முடியாது.’

இத்தனை வருஷ வேலையில் எனக்கு யாராவது ஏதாவது கற்றுக்கொடுத்தார்கள் என்றால் அது இதுதான். அதுவும் பாடமாகச் சொல்லவில்லை, ஆத்திரத்தில் சொன்னார். நேர்மையானவர்களாக இருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நேர்மை சிலருக்குக் கட்டுப்படியாகும், சிலருக்கு ஆகாது. எனக்குச் சம்பாதிக்கிற கணவர் இருந்தார், தைரியமாகப் பேசினேன். ஒரு கடைநிலை ஊழியர் கண்ணாடி அறைக்குள் நின்று தன் வேலையா உண்மையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு ஒரு தொழிற்கூடம் வந்துவிட்டால், குற்றம் அவர் என்ன தேர்ந்தெடுத்தார் என்பதில் இல்லை. அந்த அறையைக் கட்டி வைத்திருந்தவர்கள்மேல்தான். அவர்களில் பலர் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார்கள். மாலை போட்டு அனுப்பினார்கள்.

அந்த வருஷமே நான் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். அங்கேயும் எடைக்கு எல்லை உள்ள வேலைதான். அங்கேயும் தராசு ஒரு மூடிய அறையில் இருந்தது, சாவி ஒருவரிடம். பொறுப்பு என் கைக்கு வந்ததும் தராசைத் தூக்கிக்கொண்டுவந்து கூடத்தின் நட்ட நடுவில், எல்லோரும் நடக்கிற வழியில் போடச் சொன்னேன். பெட்டியோடு சேர வேண்டிய ஒவ்வொரு பாகத்தையும் பக்கத்து மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டு, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்க ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி நிறுப்பதுதான் வழக்கம் என்று வைத்தேன். மேஜையில் எது மிச்சம் இருந்தாலும் கூட்டுகிறவர்கூடப் பார்த்துவிடுவார். தனியாக ஒருவரைக் கூப்பிட்டு நீயா, நீயா என்று கேட்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் அது இடைஞ்சல். டிராலி போக வழியில்லை, வேலை தாமதமாகிறது, இந்த அம்மாவுக்கு யாரையும் நம்பத் தெரியாது என்று பத்து வருஷம் என் காதுபடவே திட்டினார்கள்.

திட்டட்டும்.